தகப்பனைப் பார்த்தவளுக்கு எந்தச் சட்டத்தில் பங்கு?

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே, அலுவிகாரையைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பலாபத்வல ஒரு சிறிய கடைத்தெருவாகக் கண்ணில் பட்டு மறைந்துவிடும். வீதியை விட்டு உள்ளே இறங்கினால்தான் அந்த மண்ணின் பெறுமதி விளங்கும். மரங்களில் மிளகுக் கொடி, இடையிடையே கராம்பு, சாதிக்காய், கொக்கோ, பலா, கமுகு, தென்னை என்று ஒன்றின் நிழலில் ஒன்று வளரும் வீட்டுத் தோட்டங்கள், பள்ளத்தில் வயல். கால் ஏக்கர் தோட்டம்கூட ஏதாவதொரு பருவத்தில் கையில் காசு தரும். பெருவீதியை ஒட்டிய துண்டென்றால் பேர்ச் கணக்கில் விலை பேசுவார்கள். இப்படிப்பட்ட காணிக்குச் சொந்தக்காரரான முதியவர் பாரிசவாதம் வந்து படுத்துவிட்டால், வீட்டில் கிளினிக் கொப்பியோடு உறுதிப் பெட்டியும் வெளியே வந்துவிடுகிறது.

பிள்ளைகளின் பேராசை என்று சொல்லி இந்தச் சண்டைகளைக் கடந்துபோவது எளிது. ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சட்டங்களையும் பழைய தீர்ப்புகளையும் எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தவர், மலசலம் எடுத்தவர், இரவெல்லாம் கண்விழித்தவர் ஆகியோருக்கு இன்றைய இலங்கையின் வாரிசுரிமைச் சட்டங்களில் அந்த உழைப்பின் பேரில் ஒரு பங்கும் இல்லை. அதற்கு ஏதாவது கிடைக்க வேண்டுமானால் நோயாளி உயிரோடிருக்கும்போதே, அவருடைய கையெழுத்தாலோ கைநாட்டாலோதான் கிடைக்க வேண்டும். கட்டிலைச் சுற்றி நடக்கும் போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

மாத்தளைப் பகுதி சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் பகுதி. ஒரே ஒழுங்கையில் மூன்று வீடுகள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். முதல் வீடு கண்டியச் சிங்களக் குடும்பம். இரண்டாவது முஸ்லிம் குடும்பம். மூன்றாவது, தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறிக் காணி வாங்கி வீடு கட்டிய மலையகத் தமிழ்க் குடும்பம். மூன்றிலும் மனைவியை இழந்த தகப்பன், இரண்டு மகன்கள், கல்யாணமாகிப் புருஷன் வீடு போன ஒரு மகள். மூன்றிலும் அந்த மகள்தான் திரும்பி வந்து தகப்பனைப் பார்க்கிறாள். தகப்பன் எதையும் எழுதாமல் கண்ணை மூடினால் என்ன நடக்கும்?

முதல் வீட்டு மகள் தீக விவாகம் செய்தவள், அதாவது புருஷன் வீட்டுக்குப் போனவள் என்றால், தகப்பனின் பரம்பரைக் காணியில் அவளுக்கு ஒன்றுமில்லை. சகோதரர்கள் இருவரும் பாதி பாதி எடுப்பார்கள். இரண்டாவது வீட்டு மகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மகன்களுக்கு ஐந்தில் இரண்டு வீதம். மூன்றாவது வீட்டு மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரே நோய், ஒரே உழைப்பு. ஒருத்திக்குச் சுழியம், ஒருத்திக்கு ஐந்திலொன்று, ஒருத்திக்கு மூன்றிலொன்று. வேலிக்கு வேலி சட்டம் மாறுகிறது. மூன்று கணக்கிலும் மாறாத ஒன்று உண்டு: யார் பார்த்தார்கள் என்ற கேள்வியை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1815 உடன்படிக்கையோடு கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு வந்தபோது, அங்குள்ள வழக்கங்கள் காக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. ஜோன் டொய்லி, சைமன் சோயர்ஸ், ஆர்மர் போன்ற அதிகாரிகள் பிரபுக்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு அந்த வழக்கங்களை எழுதி வைத்தார்கள். அவர்களுடைய குறிப்புகளிலும், 1923இல் வெளியான ஹெய்லியின் பெருநூலிலும், நோயிலும் முதுமையிலும் ஒருவரைத் தாங்கியவர் என்ற ஆள் திரும்பத் திரும்ப வருகிறார். கண்டிய நன்கொடை உறுதிகளில் ‘செய்த உதவிக்கும் இனிச் செய்யவிருக்கும் உதவிக்கும்’ என்பது சாதாரணமான வாசகம். காணி கைமாறியதற்குக் காரணம் பாசம் என்று எழுதவில்லை. உதவி என்று எழுதினார்கள். கொடுத்தவர் தன் காலம் முடியும்வரை அந்த உதவியை எதிர்பார்த்தார்.

உதவி நின்றால்? உறுதியை மீளப்பெறலாம். பொதுவான கண்டிய நன்கொடையைக் கொடுத்தவர் உயிருள்ளவரை இரத்துச் செய்யலாம் என்பது வழக்கம். 1860களில் ‘பொலொக்னா எதிர் புஞ்சி மஹத்மயா’ வழக்கில், மீளப்பெறும் உரிமையை வெளிப்படையாகத் துறந்தாலொழிய அந்த உரிமை போகாது என்ற நிலைப்பாடு உறுதியானது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையில் இது ஒரு பலம். காணியைக் கொடுத்த பிறகும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அந்தப் பலத்தின் மறுபக்கத்தையும் சட்ட அறிக்கைகளில் பார்க்கலாம். மூத்தவனுக்கு எழுதியதை வெட்டி இளையவனுக்கு எழுதியது, அதையும் வெட்டி மருமகனுக்கு எழுதியது என்று ஒரே காணிக்கு அடுக்கடுக்காக உறுதிகள். முதியவர் எந்தப் பிள்ளையின் வீட்டில் கிடக்கிறாரோ அந்தப் பிள்ளையின் பக்கம் காணி சாய்ந்தது.

இன்னொரு வழக்கம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தீகமாகப் போன மகள் தகப்பன் வீட்டில் உரிமை இழப்பாள் என்பது விதி. ஆனால் அவள் ‘முல்கெதர’ எனப்படும் மூலவீட்டோடு நெருங்கிய, இடையறாத தொடர்பு வைத்திருந்தால், அங்கு வந்து தங்கினால், பிள்ளையை அங்கே விட்டு வளர்த்தால், காணியில் பாடுபட்டால், பின்ன விவாகம் செய்தவளுக்குரிய உரிமையை, அதாவது புருஷனைத் தகப்பன் வீட்டுக்கே கொண்டுவந்த மகளின் உரிமையை, அவள் மீண்டும் பெறக்கூடும் என்று நீதிமன்றங்கள் ஏற்றுவந்தன. அவள் எப்படி நடந்துகொண்டாள் என்பது சாட்சியமானது. அயலவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தகப்பன் சாகக் கிடந்தபோது யார் வீட்டில் இருந்தது என்ற கேள்வி வழக்கு மன்றத்தில் எழுந்தது. அதற்குச் சொல்லப்பட்ட விடையில் காணி நின்றது.

இந்தக் கதவை மூடியது 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்ட வெளிப்படுத்தல், திருத்தக் கட்டளைச் சட்டம். 1939 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, விவாகத்துக்குப் பின் இருப்பிடம் மாறினாலும் நடத்தை எப்படியிருந்தாலும் தீகம் பின்னமாகாது, பின்னம் தீகமாகாது என்று அறுதியிட்டது. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம், பதிவில் எது என்று குறிப்பிடாவிட்டால் தீகமென்றே கொள்ளச் சொன்னது. கல்யாணத்தன்று பதிவாளரின் புத்தகத்தில் எழுதப்பட்ட ஒரு சொல், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தகப்பனுக்குச் சோறூட்டும் மகளின் பங்கைத் தீர்மானிக்கிறது. இருபது வயதில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் பெரும்பாலும் அவளே அல்ல.

சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. நடத்தையை நிரூபிப்பது கடினம், சாட்சிகள் பொய் சொல்வார்கள், வழக்குகள் நீளும். நிச்சயத்தன்மை வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். நிச்சயத்தன்மை கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, பராமரிப்பு என்ற ஒன்று வாரிசுரிமைக் கணக்கிலிருந்து முற்றாக வெளியேறியதுதான்.

நன்கொடையை மீளப்பெறும் உரிமையை அதே 1938 சட்டம் காப்பாற்றியது. ஆனால் உறுதியிலேயே ‘மீளப்பெறும் உரிமையைத் துறக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வசனம் எழுதினால் அந்த உரிமை போய்விடும் என்றும் சொன்னது. உறுதி எழுதி வாங்கும் பிள்ளைக்கு அந்த வசனம் தேவைப்படும் என்பது இயல்பு. வங்கியில் கடன் எடுக்கவும் காணியை விற்கவும் அது இருந்தால்தான் வசதி. நாலைந்து பக்க உறுதியின் நடுவில் வரும் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டும்போது, அது தன் கடைசிப் பிடியை விடுவிக்கும் வரி என்று படுக்கையில் இருப்பவருக்கு விளங்குகிறதா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது வீட்டுக்கு வருவோம். மலையகத் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை பொருந்தாது; பொதுச் சட்டமே பொருந்தும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவனோ மனைவியோ உயிரோடிருந்தால் பாதி அவருக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடில்லை என்பது இச்சட்டத்தின் பெருமை. இதன் 35ஆம் பிரிவு பலருக்குத் தெரியாதது. கல்யாணத்தின்போதோ வாழ்க்கையில் நிலைபெறுவதற்காகவோ பெற்றோரிடமிருந்து மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்ற பிள்ளை, பெற்றோர் அதை விலக்கியிருந்தாலொழிய, அதைப் பொதுக்கணக்கில் சேர்த்த பிறகே பங்கு கேட்க வேண்டும். ‘உனக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே’ என்று அண்ணன்மார் சொல்வதற்கு இப்படியொரு சட்ட வேர் இருக்கிறது. சீதனமாகப் போன நகையும் காசும் கணக்கில் வருகின்றன. திரும்பி வந்து செய்த பணிவிடை வருவதில்லை.

பொதுச் சட்டத்தில் நன்கொடை கொடுத்து, பெற்றவர் ஏற்றுக்கொண்டால், அது மீளாது. உரோம-டச்சுச் சட்டம் அனுமதிக்கும் விலக்குகளில் ஒன்று கொடிய நன்றிகேடு: கைநீட்டுவது, உயிருக்கு உலைவைப்பது, பெரும் நட்டமேற்படுத்துவது போன்றவை. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், இப்படி மீளாத உறுதிகளை நன்றிகேட்டின் பேரில் நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே இரத்துச் செய்யலாம் என்று வகுத்து, வழக்குப்போடக் காலவரையறையும் விதித்தது. வாசிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கவே ஆள் தேவைப்படும் ஒருவர், தன்னைப் பட்டினி போடும் மகனுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, சாட்சிக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். அடித்தால் அடையாளம் இருக்கும். கூப்பிட்டால் வராமல் இருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இரண்டாவது வீட்டில் வேறு வகைச் சிக்கல். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவின்படி, பிரிய வேண்டும் என்கிறது. மரணசாசனம் எழுதினால் நிலைமை மாறும். பொதுச் சட்டத்தின்படி முஸ்லிமும் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. மார்க்கமோ மூன்றிலொன்றுக்கு மேல் வசிய்யத் (மரணசாசனக் கொடை) செய்யவும், மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு வசிய்யத் செய்யவும் இடங்கொடுப்பதில்லை. மரணப் படுக்கையில் கொடுக்கும் நன்கொடையையும் அது இந்த வரம்புக்குள்தான் வைக்கிறது. மரணப் படுக்கையின் மீது இத்தனை சந்தேகம் கொண்ட வேறு சட்ட மரபு இப்பகுதியில் இல்லை, அந்தச் சந்தேகத்தில் அனுபவம் இருக்கிறது. ஆகவே பார்த்த மகளுக்கு வாப்பா வீட்டை எழுதிவைத்தால், மாவட்ட நீதிமன்றம் சரியென்று சொல்லும் ஒன்றைப் பள்ளிவாசலில் கூடியிருப்பவர்கள் தவறென்று சொல்லக்கூடும். இரண்டுக்கும் நடுவில் அவள் அதே ஊரில் வாழ்ந்தாக வேண்டும்.

எதுவும் எழுதப்படாமல் தகப்பன் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்றிலிருந்து பிள்ளைகள் கூட்டுச் சொந்தக்காரர்கள்; காணி பிரிபடாத பங்குகளாக நிற்கும். பார்த்த பிள்ளை அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருப்பாள். பத்து வருசம் ஆண்டு அனுபவித்தால் காணி தனதாகிவிடும் என்ற நம்பிக்கை நாடெங்கும் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் பத்தாண்டு என்ற எல்லை இருப்பது உண்மைதான். ஆனால் 1911இல் இலண்டன் பிரிவி கவுன்சில் ‘கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி’ வழக்கில், ஒரு கூட்டுச் சொந்தக்காரரின் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சியே, மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதற்குச் சமமான ஒன்று நடந்தாலொழிய எத்தனை ஆண்டு இருந்தாலும் தனிச் சொந்தமாகாது என்று தீர்த்தது. அந்தக் கொள்கை இன்றும் நிற்கிறது. வெளிநாட்டிலிருக்கும் தம்பி இருபது வருசம் கழித்து வந்து பங்கு கேட்டால், அவன் கேட்பதில் சட்டப் பிழை இல்லை. அக்கா அவனோடு அன்பாகப் பேசிக்கொண்டிருந்தாள் என்பதே அவளுக்கு எதிரான சாட்சியம். அண்ணன் தம்பியோடு முகங்கொடுத்துப் பேசாமல் காணியை அடைத்து வேலி போட்டவருக்கு இந்த விதி இடமளிக்கிறது; உறவை முறிக்காமல் இருந்தவருக்கு இல்லை.

பின்னர் பிரிவிடல் வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்ததும் நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். அவர் வரும் நாள் ஊருக்கே தெரியும். எல்லோரும் கூடி நிற்பார்கள். சங்கிலி பிடித்து அளந்த பிறகு ஒவ்வொரு கட்டடத்தையும் ஒவ்வொரு மரத்தொகுதியையும் எழுதிக்கொள்வார்: பலா இத்தனை, ஏறத்தாழ இன்ன வயது, தென்னை இத்தனை, மிளகுக் கொடி இத்தனை, ஓட்டு வீடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே உரிமை கோருபவரின் பெயர். ‘இந்தக் கராம்பு நான் நட்டது’, ‘பின்பக்கத்து அறை என் காசில் கட்டியது’ என்று அந்த இடத்திலேயே சொல்லலாம். நட்டவருக்கும் கட்டியவருக்கும் அந்த மேம்பாட்டின் பெறுமதியைத் தீர்ப்பில் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது.

பழைய உறுதிகளில் வயலின் பரப்பு ஏக்கரில் இருக்காது. இத்தனை அமுணம், இத்தனை பேல நெல் விதைக்கும் நிலம் என்றிருக்கும். நான்கு பேல ஓர் அமுணம், பத்து லாஹ ஒரு பேல. மேட்டுக் காணிக்குக் குரக்கன் விதைப்புக் கணக்கு. எந்த நிலம் எவ்வளவு விதையை வாங்கும் என்பதை வைத்து, மனித உழைப்பின் அளவால் மண்ணை அளந்த மரபு அது. இன்று அளவையாளர் அந்தக் கணக்கைப் பேர்ச்சாக மாற்றுகிறார், மரத்துக்கு வயது போடுகிறார், சுவருக்கு விலை போடுகிறார். அந்தச் சுவருக்குள் ஏழெட்டு வருசம் ஒருவரைக் குளிப்பாட்டி, துடைத்து, படுக்கைப் புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்த உழைப்புக்கு அவருடைய அறிக்கையில் ஒரு பத்தி இல்லை. மிளகுக் கொடி நட்டவருக்குக் கிடைக்கும் ஈடு, அதை நட்ட கிழவரைக் காப்பாற்றியவருக்குக் கிடையாது.

மருமகளின் நிலை இதைவிட மோசம். இந்த மூன்று சட்டங்களில் எதுவுமே மாமனாரின் சொத்தில் மருமகளுக்கு வாரிசுரிமை தருவதில்லை. நடைமுறையில் பல வீடுகளில் பார்ப்பவள் அவள்தான். அவளுடைய உழைப்பு அவள் புருஷனின் பங்கிலே கரைந்துபோகிறது. புருஷன் முந்தி இறந்து பிள்ளையும் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அரச காணியில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு கணக்கு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்றவர் பின்னுரிமையாளரைப் பெயர் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் இறந்தால் சட்ட அட்டவணை சொல்லும் வரிசைப்படி போகும். அந்த வரிசையில் நெடுங்காலம் ஆண்தான் முன்னால், அதிலும் மூத்தவன். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம்தான் ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தது. தோட்டங்களில் 7 பேர்ச் துண்டோடு வீடு கிடைத்த குடும்பங்களில் அந்தத் துண்டை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் எவருக்கும் வீடு மிஞ்சாது. அங்கே பங்குச் சண்டை என்பது யார் உள்ளே இருப்பது, யார் வெளியே போவது என்ற சண்டைதான்.

மறுபடி கட்டிலருகே போவோம். எழுதாமல் போனால் பார்த்தவளுக்குப் பங்கில்லை, இருந்தாலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எழுத வைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிருக்க வேண்டும். மரணசாசனமென்றால் நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன்னும் எழுதலாம். நொத்தாரிசு வீட்டுக்கு வருகிறார். கட்டிலில் கிடப்பவரின் பெயரைக் கேட்கிறார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறார். உறுதியை வாசிக்கிறார். கை நடுங்கினால் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைக்கிறார்கள். விரலைப் பிடித்தது யார் என்பது பின்னாளில் குறுக்கு விசாரணையில் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்வி. அன்று அந்த அறையில் அதைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான நியாயமும் இருக்கிறது. கட்டிலருகே இருப்பவர்கள் எல்லோருமே பணிவிடை செய்கிறவர்கள் அல்லர். மற்றப் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பைக் கொடுக்காமல், வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பி, மருந்தும் சோறும் தன் கையால்தான் என்ற நிலையை உண்டாக்கி, பிறகு எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. மரணசாசனத்தால் பயனடைபவரே அதைத் தயாரிப்பதில் கைவைத்திருந்தால், சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பை நீதிமன்றம் அவர் தலையில்தான் வைக்கும். பராமரிப்புக்குப் பங்கு என்று சட்டம் சொன்னால் நோயாளியைக் கைப்பற்றும் போட்டி கூடும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை.

ஆனால் இன்றைய சட்டம் அந்தப் போட்டியைத் தடுக்கிறதா? எழுதி வாங்கினால் எல்லாம், வாங்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலைதான் உண்மையாகப் பார்த்தவளையும் கள்ளமாக வந்தவனையும் ஒரே கட்டிலின் இரு பக்கத்தில் நிறுத்துகிறது. இருவரும் ஒரே அவசரத்தில் நொத்தாரிசைத் தேடுகிறார்கள். நேரம் தப்பினால் ஒன்றுமில்லை என்பதால்தான் அறிவு தெளிவாயிருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரத்தில் கைநாட்டு வாங்கப்படுகிறது. அற்றோணித் தத்துவத்தையும் இதற்கு மாற்றாக நம்புகிறார்கள். கொடுத்தவர் இறந்த கணமே அது செத்துவிடும் என்பது தெரியாமல், மரணத்துக்குப் பிறகும் அதை வைத்துக் காணியை விற்கப் போகிறவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அறிவு மங்கிய ஒருவரின் சொத்தை நிர்வகிக்கச் சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து நிர்வாகியை நியமிக்கலாம். இந்த வழியைத் தேடிப் போகும் குடும்பங்கள் மிகச் சில.

நாடும் வேகமாக முதுமையடைகிறது. 1981 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 6.6 சதவீதம், 2012இல் 12.4 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் ஏறத்தாழ இருமடங்கு. படுக்கையில் கிடக்கும் காலமும் நீள்கிறது. பாட்டனார் காலத்தில் சில வாரங்களில் முடிந்தது இன்று ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் மத்திய கிழக்கில்.

அரசு இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும், பராமரிப்பது அவர்களின் கடமை என்றும் சொல்லி, பராமரிப்புச் சபை ஒன்றை அமைத்தது. கைவிடப்பட்ட பெற்றோர் அங்கே மனுச்செய்து மாதாந்தத் தொகை கேட்கலாம். ஆனால் அச்சட்டம் காணியைத் தொடவில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளையும், எதுவுமே வாங்காத பிள்ளையும் அந்தச் சபையின் முன் ஒரே வகையினர்.

இந்தியாவில் 2007இல் வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வேறு வழியில் போனது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பார்க்கத் தவறினால், அந்தக் கைமாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும். முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததென்று நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் இறுக்கிப் பிடித்தது. 2025 ஜனவரியில் மகனுக்குக் கொடுத்ததைத் தாய் திரும்பக் கேட்ட வழக்கில், முதியோரைக் காப்பதற்காக வந்த சட்டத்தை அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று தாராளமாக நின்றது. கைவிடப்பட்ட முதியவருக்கு இது கைகொடுக்கிறது. பார்த்த பிள்ளைக்கு இதிலும் ஒன்றும் இல்லை.

இலங்கையில் செய்யக்கூடியது என்ன? இன்றிருக்கும் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி உண்டு. நன்கொடை உறுதியில் சீவிய உரித்தைத் தகப்பன் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேண்டும் என்பதை ஆசீர்வாதமாக எழுதாமல் நிபந்தனையாக எழுத வேண்டும். எங்கே தங்க வைப்பது, மருந்துச் செலவு யாருடையது, தவறினால் உறுதி என்னவாகும் என்பது வரை எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரியில் முடிகிற விடயம். பிள்ளைகளின் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ‘அன்பினதும் பற்றினதும் காரணமாக’ என்ற அச்சு வாசகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்டியப் பழைய உறுதிகளை எழுதியவர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. நொத்தாரிசும், பயன்பெறும் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, படுத்திருப்பவரிடம் தனியே ஒரு கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

புதுச் சட்டம் தேவைப்படுவது பங்குக் கணக்கில். மரமும் சுவரும் மேம்பாடு என்றால், ஒருவரின் கடைசி ஆண்டுகளைச் சுமந்த உழைப்பையும் வரம்பிட்ட ஒரு கோரிக்கையாகப் பிரிவிடல் வழக்கிலும் மரணசாசன வழக்கிலும் முன்வைக்க இடந்தர வேண்டும். காணி முழுவதையும் அவளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஈமச் செலவுக்கும் கடனுக்கும் முதலில் ஒதுக்குவது போல இதற்கும் ஒரு தொகை. கோரிக்கைக்கு வரம்பிருந்தால் கட்டிலைக் கைப்பற்றும் ஆசையும் வரம்புக்குள் நிற்கும். எழுதாமல் இறந்தாலும் முற்றாக வெறுங்கையாகாது என்று தெரிந்தால், பார்ப்பவள் நொத்தாரிசைத் தேடி ஓடவும் தேவையில்லை. நிரூபிப்பது எப்படி என்ற 1938ஆம் ஆண்டின் கேள்வி இன்று அன்றளவு கடினமானதல்ல. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு திகதியும் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் வாக்காளர் இடாப்பில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பது இருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்கும் குடும்பநல ஊழியருக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்பது தெரியும். கோரிக்கையை மருமகளும் முன்வைக்கலாம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், பொதுச் சட்டம் எதிலும் பங்கு விகிதத்தை மாற்றாமலே இதைச் செய்யலாம், ஏனெனில் இது பங்குக்கு முன்னால் கழிக்கப்படும் கடன். அந்த ஒழுங்கையின் மூன்று வீட்டு மகள்களும் ஒரே விண்ணப்பப் படிவத்தை நிரப்பக்கூடிய ஒரே இடம் அதுவாக இருக்கும்.